ஆட வைத்த பியானோ

நாடகம் பார்த்துவிட்டு அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் நம்மில் யாருக்கும் வெட்கம் இல்லை. சொல்லப் போனால் அதில் ஒரு பெருமைகூட உண்டு. "கடைசிக் காட்சியில் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையே நனைந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், "ஆஹா, எப்பேர்ப்பட்ட ரசிகர்!" என்று நாலு பேர் தலையை ஆட்டுவார்கள். ஆனால், "இரண்டரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அதனால் மறுபடியும் அதே நாடகத்துக்குப் போனேன். அடுத்த வாரம் மூன்றாம் தடவையும் போகப் போகிறேன்" என்று ஒருவர் சொல்லட்டும். கேட்பவர்கள் உதட்டில் இரக்கம் கலந்த ஒரு சிரிப்பு ஓடும். பாவம், வேறு வேலை இல்லாத மனிதர் போலும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தச் சிரிப்பு நியாயமானதுதானா? வெகு நாட்களாக எனக்கு இதில் ஒரு சந்தேகம். சோக நாடகத்தை ரசிப்பவன் அறிவாளி, சந்தோஷ நாடகத்தை ரசிப்பவன் அசடு என்று யார் எப்போது தீர்ப்பு எழுதினார்கள்? இம்மாதிரி வழக்குகளில் வாதப் பிரதிவாதங்களைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட ஒரு நல்ல சாட்சியை விசாரிப்பது மேல். ஆகவே ஒரே ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்ற உத்தேசித்திருக்கிறேன். அதன் பெயர் 'சாலட் டேஸ்'. 1954-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த சங்கீத நாடகம் அது. அதில் கொலை இல்லை, துரோகம் இல்லை, சொல்லிக்கொள்ளும்படியான வில்லன்கூடக் கிடையாது. ஒரு பியானோ இருக்கிறது. அதை வாசித்தால், காதில் விழுந்தவர்கள் எல்லாரும் ஆட ஆரம்பித்துவிடுவார்கள். கதை அவ்வளவுதான் என்றுகூடச் சொல்லிவிடலாம். இந்த 'அவ்வளவுதா'னுக்காக லண்டனில் 2,283 தடவை திரை தூக்கினார்கள்.

பெயரைப் பார்த்துவிட்டு ஏதோ காய்கறி விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். ஷேக்ஸ்பியரின் 'ஆண்டனியும் கிளியோபாட்ராவும்' நாடகத்தில் கிளியோபாட்ரா தன் இளம் பருவத்தை, புத்தி முதிராத பச்சைப் பருவத்தை, இந்தச் சொற்களால் குறிப்பிடுகிறாள். நம் பேச்சில் சொல்வதானால், அரும்பு மீசைப் பருவம். உலகம் முழுவதும் நமக்காகவே காத்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணும் வயது.

ஆனால் அந்த நாடகம் பிறந்த இங்கிலாந்து அரும்பு மீசைப் பருவத்தில் இல்லை. களைத்துப் போன ஒரு நடுத்தர வயதுக் குடும்பஸ்தனைப் போல் இருந்தது. இரண்டாவது உலக மகா யுத்தத்தில் ஜெயித்தது என்னவோ உண்மை. ஜெயித்தவன் வீட்டில் சாப்பாட்டுக்குத்தான் வழி சரியாக இல்லை. 1940 ஜனவரியில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பன்றி இறைச்சிக்கும் ரேஷன் ஏற்பட்டது. யுத்தம் 1945-ல் முடிந்தது, ரேஷன் முடியவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதுகூட ரொட்டிக்கு ரேஷன் கிடையாது. யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946-ல், ரொட்டிக்கும் ரேஷன் வந்தது! அது நீங்க இரண்டு வருஷம் ஆயிற்று. குழந்தைகள் மிட்டாயைத் தாராளமாக வாங்கித் தின்பதற்கு 1953 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சர்க்கரைக்கு அதே வருஷம் செப்டம்பர். கடைசியாக இறைச்சி. 1954 ஜூலை 4-ம் தேதியன்றுதான் பதினாலு வருஷத்து ரேஷன் புத்தகத்துக்கு முற்றும் போட்டார்கள். அதே யுத்தம் நம் ஊரிலும் ரேஷன் கடை வாசலில் ஜனங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது. சென்னை ராஜ்யத்தில் 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தபோது வீட்டுக்கு வீடு எப்படி மூச்சு விட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு, பதினாலு வருஷம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

சாப்பாடு மட்டுமா? நகரங்களில் குண்டு விழுந்த மனைகள் பல்லுப் போன வாய் மாதிரி இன்னும் திறந்தே கிடந்தன. 1952 டிசம்பரில் லண்டனைக் கரிப்புகை மூடியது. ஐந்து நாள் மூடியிருந்த அந்தப் புகைக்குச் சுமார் 4,000 பேர் பலியானார்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள். உண்மைக் கணக்கு அதைவிடப் பெரிது என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். 'சாலட் டேஸ்' நாடகத்துக்கு வந்து உட்கார்ந்த ஜனங்கள் இப்படிப்பட்டவர்கள். துன்பம் இன்னதென்று நாடகாசிரியர் யாரும் வந்து அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நாடகம் பிறந்த இடம் லண்டன் அல்ல. மேற்குக் கரையில் உள்ள பிரிஸ்டல் என்ற துறைமுக நகரம். அங்கே கிங் வீதியில் 1766-ல் திறந்த 'தியேட்டர் ராயல்' என்ற நாடகக் கொட்டகை இருக்கிறது. யுத்தத்தில் பிரிஸ்டல் நகரம் விமானக் குண்டுகளால் சின்னாபின்னமாயிற்று. கொட்டகை தப்பியது. குண்டுக்குத் தப்பியது, ஏலத்துக்குத் தப்பவில்லை. 1942-ல் கட்டடம் விலைக்கு வந்தது. கொட்டகை கொட்டகையாகவே இருக்குமா என்பது சந்தேகமாகிவிட்டது. ஊர் ஜனங்கள் யுத்தத்தின் நடுவில் பணம் வசூலித்து, ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்தி, அதை வாங்கிக் காப்பாற்றினார்கள். வெண்ணெய்க்கு ரேஷன், தலைக்கு மேலே விமானம். அந்த நேரத்தில் நாடகக் கொட்டகைக்கு நன்கொடை! அந்த ஊர் ஜனங்களை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. 1946-ல் 'பிரிஸ்டல் ஓல்ட் விக்' என்ற நாடக சபை அந்தக் கொட்டகையில் ஆரம்பமாயிற்று. அதே வருஷம் நடிப்புக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றும் ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் என்றதும் தூணும் மாடமுமாகக் கற்பனை செய்ய வேண்டாம். கொட்டகையின் பின்புறத்தில் ஒரு பழ மண்டிக்கு மேலே இருந்த மாடிதான் பள்ளிக்கூடம். கீழே பழக்கூடைகள், மேலே ஷேக்ஸ்பியர்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு 1951-ல் ஜூலியன் ஸ்லேட் என்ற வாலிபர் வந்து சேர்ந்தார். வசதியான குடும்பத்துப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் படித்தவர். நடிகராக வேண்டும் என்று வந்தவரை, அவருடைய சங்கீத ஞானத்தைப் பார்த்துவிட்டுச் சபையார் பியானோவின் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். சபையின் நடிகைகளில் டாரதி ரெனால்ட்ஸ் என்பவர் முக்கியமானவர். இவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அவருக்கு இருபத்து நாலு. இந்த இரண்டு பேரும் சேர்ந்து, 1954 கோடையில் சீசன் முடிவுக்கென்று சில வாரங்களில் எழுதியதுதான் 'சாலட் டேஸ்'. மூன்று வாரம் ஆடிவிட்டு மூட்டை கட்டிவிடுவது என்பது ஏற்பாடு. வருஷம் முழுவதும் பெரிய பெரிய நாடகங்களில் நடித்துக் களைத்த நடிகர்கள் தங்களுக்கும் ஊராருக்கும் கொடுத்துக்கொண்ட ஒரு விடுமுறை விருந்து என்று சொல்லலாம். நடிகர்களில் பலர் பாட்டுக்காரர்கள் அல்லர். பக்க வாத்தியம் என்று பார்த்தால் இரண்டு பியானோ, ஒரு டிரம், ஒரு டபிள் பாஸ். நம் கச்சேரி மேடைகளில்கூட அதைவிடக் கூட்டம் அதிகம் இருக்கும்.

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிமத்தி என்ற இளைஞனும் ஜேன் என்ற பெண்ணும் பல்கலைக் கழகப் படிப்பு முடித்துவிட்டு வெளியே வருகிறார்கள். போன நாட்களைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். பிறகு ஒரு பூங்காவில் சந்தித்து, வீட்டாருக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்வதென்று தீர்மானிக்கிறார்கள். டிமத்திக்கு மாமன்மார், சித்தப்பாமார் என்று பெரிய பட்டாளம். ஒருவர் மந்திரி, ஒருவர் வெளிநாட்டு இலாகா உத்தியோகஸ்தர், ஒருவர் ராணுவத்தில் ஜெனரல், ஒருவர் விஞ்ஞானி. "யாராவது ஒருவரிடம் போய்ச் சொல்லி ஒரு வேலை வாங்கிக்கொள்ளேன்" என்பது பெற்றோர்கள் கட்சி. இது எந்தத் தேசத்துப் பெற்றோரும் பேசுகிற கட்சிதான். ஆனால் இந்த இளம் தம்பதிகள், சிபாரிசுக்குப் போவதில்லை, முதலில் யார் எந்த வேலை கொடுத்தாலும் அதை ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்கிறார்கள்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு நாடோடி வருகிறான். சக்கரம் வைத்த ஒரு பழைய பியானோவைத் தள்ளிக்கொண்டு வருகிறான். "ஒரு மாதம் இதைப் பார்த்துக்கொள்கிறீர்களா? வாரம் 7 பவுன் சம்பளம்" என்கிறான். (நகைக் கடைப் பவுன் என்று எண்ணி மலைத்துவிடாதீர்கள், இங்கிலாந்து தேசத்து நாணயம்.) முதலில் வந்த வேலை இதுதான். வாக்குத் தவற முடியுமா? ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டு வாசித்துப் பார்த்தால் பூங்காவில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் ஆடுகிறார்கள்! போலீஸ்காரர் ஆடுகிறார், அங்கி தரித்த பிஷப் ஆடுகிறார். ஆட வேண்டாம் என்று நினைத்தாலும் கால் கேட்க மாட்டேன் என்கிறது. பியானோவுக்கு மின்னி என்று ஒரு பெயரும் உண்டு.

ஊர் இப்படிக் கண்டபடி சந்தோஷமாக இருந்தால் சர்க்கார் சும்மா இருக்குமா? டிமத்தியின் சொந்தக்காரரான மந்திரி வகிக்கும் இலாகாவின் பெயர் 'இன்பமும் பொழுதுபோக்கும்' இலாகா. இன்பத்துக்கான மந்திரியே இந்த ஒழுங்கீனத்தைத் தடை செய்யக் கிளம்புகிறார். நடுவில் பியானோ காணாமல் போய்விடுகிறது. விஞ்ஞானியான உறவினர் தம்முடைய பறக்கும் தட்டில் தம்பதிகளை ஏற்றிக்கொண்டு அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். ஆம், பறக்கும் தட்டேதான்! தர்க்க சாஸ்திரம் படித்தவர்கள் இந்த இடத்தில் எழுந்து வெளியே போய்க் காப்பி சாப்பிட்டுவிட்டு வரலாம். முடிவில் நாடோடி திரும்பி வந்து, மாதம் முடிந்துவிட்டது என்று ஞாபகப்படுத்துகிறான். பியானோ இனி வேறு ஒரு தம்பதியின் கைக்குப் போக வேண்டும். அவன் வேறு யாருமில்லை, குடும்பத்தில் யாரும் பெயரைக்கூட எடுக்காத இன்னோர் உறவினன்தான் என்பதும் அப்போது தெரிய வருகிறது.

ஜூன் மாதம் பிரிஸ்டல் கொட்டகையில் இது அரங்கேறியபோது, பார்க்க வந்தவர்களின் வீட்டில் இறைச்சிக்கு இன்னும் ரேஷன் இருந்தது. ஆகஸ்ட் 5-ம் தேதி லண்டனில் ஸ்ட்ராண்டு வீதியில் இருக்கும் வாடவில் தியேட்டருக்கு வந்தபோது ரேஷன் ஒழிந்து ஒரு மாதமாகியிருந்தது. தடை போட்டே பழகிப்போன சர்க்காரையும், தடையை மீறிக் கிளம்பும் கால்களையும் மேடையில் பார்த்த ஜனங்களுக்கு அது வெறும் மாயக் கதையாகத் தோன்றியிருக்க முடியாது. சொந்த வீட்டுக் கதையாகத்தான் தோன்றியிருக்கும். பதினாலு வருஷம் வரிசையில் நின்ற கால்கள் அல்லவா? அவை ஆடுவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மின்னி அந்தச் சாக்கைக் கொடுத்தாள்.

மூன்று வார நாடகம் ஐந்தரை வருஷம் ஓடியது. ஸ்லேட் தாமே ஆரம்ப காலத்தில் மேடைக்கு முன்னால் பியானோவில் உட்கார்ந்து வாசித்தார். லண்டன் வழக்கப்படி வாரத்துக்கு 8 காட்சி. வாடவில் பெரிய தியேட்டரும் அல்ல. நாடகம் தொடங்கியபோது பன்னிரண்டு வயதாயிருந்த பெண், முடிந்தபோது பதினேழு வயதுக் குமரி. புதிதாக வருகிறவர்களை மட்டும் நம்பி ஒரு நாடகம் இத்தனை நாள் உயிர் வாழ முடியாது. பார்த்தவர்கள் திரும்பி வர வேண்டும். வரும்போது ஒரு தங்கையையோ மருமகனையோ கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும். அப்படித்தான் வந்தார்கள்.

சரித்திரத்தில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. முதல் உலக யுத்தத்தில், 1916 ஆகஸ்டில், பிரான்ஸ் தேசத்தில் சோம் நதிக்கரையில் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் மடிந்துகொண்டிருந்த வேளையில், லண்டனில் 'சூ சின் சௌ' என்ற சங்கீத நாடகம் ஆரம்பமாயிற்று. பெயர்தான் சீனத்துப் பெயர். கதை நமக்கெல்லாம் தெரிந்த அலிபாபாவும் நாற்பது திருடர்களும்தான். போர்முனையிலிருந்து சில நாள் லீவில் வந்த சிப்பாய்கள் அந்தப் பட்டுத் துணிகளையும் பாட்டுக்களையும் பார்த்துவிட்டு மறுபடியும் பதுங்கு குழிக்குத் திரும்பினார்கள். அந்த நாடகம் 2,238 காட்சிகள் நடந்தது. அந்த எண்ணிக்கையை முப்பது வருஷத்துக்கு மேல் எந்தச் சங்கீத நாடகமும் தாண்டவில்லை. தாண்டியது 'சாலட் டேஸ்'. 2,238, 2,283. கடைசி இரண்டு இலக்கங்களும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, பாருங்கள்! யுத்தத்தின் நடுவில் ஒன்று, யுத்தத்தின் கடன் தீரும் வேளையில் மற்றொன்று. இந்த இரண்டு எண்களையும் பார்க்கும்போது, சந்தோஷ நாடகம் என்பது சுகவாசிகளின் சொத்து என்ற கொள்கை எனக்கு நிற்கிறதாகத் தெரியவில்லை.

இனி எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம். அதுதான் தர்மம். 1955 ஆகஸ்டில் பெக்கட்டின் நாடகம் ஒன்று, யாரோ வருவார் என்று இரண்டு பேர் காத்திருக்கும் நாடகம், லண்டன் மேடைக்கு வந்தது. 1956 மே மாதம் ஜான் ஆஸ்பர்ன் எழுதிய 'லுக் பேக் இன் ஆங்கர்' ராயல் கோர்ட் தியேட்டரில் அரங்கேறியது. கோபம் கொண்ட இளைஞன் ஒருவன், வறண்ட மாடி அறையில் நின்றுகொண்டு, பழைய இங்கிலாந்தின் போலித்தனத்தை எல்லாம் கிழித்துப் போட்டான். அதற்குப் பிறகு இங்கிலாந்தின் நாடக உலகம் பழைய உலகமாக இல்லை. புதிய விமர்சகர்களுக்குப் 'பூங்காவும் பியானோவும்' பார்த்தால் எரிச்சல் வந்தது. இது யாருடைய இங்கிலாந்து, சுரங்கத் தொழிலாளி எங்கே, ஆலைக்காரன் எங்கே, எல்லாரும் பட்டம் பெற்றவர்கள், எல்லாருக்கும் மந்திரியும் ஜெனரலும் உறவுக்காரர்கள் என்ற கேள்விகள் எழுந்தன.

கேள்விகள் நியாயமானவைதாம். 'சாலட் டேஸ்' காட்டும் உலகம் மிகச் சிறியது. மாலை வேளையில் தேநீர் அருந்துகிற, உச்சரிப்புச் சுத்தமான உலகம். அதற்கு வெளியே இருந்தவர்கள் அந்த மேடையில் தங்கள் முகத்தைத் தேடினால் காண முடியாது. ஆஸ்பர்ன் வந்துதான் தீர வேண்டும், வந்தது நல்லதாயிற்று. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தை விமர்சகர்கள் கவனிக்கவில்லை. டிமத்திக்கு மந்திரி உறவினர் இருக்கிறார். டிமத்தி அவரிடம் போகவில்லை. தெருவில் போகிற நாடோடி கொடுத்த வேலையை ஏற்றுக்கொள்கிறான். குடும்பம் யாருடைய பெயரை மறைக்கிறதோ அந்த மனிதன் கையிலிருந்துதான் அவனுக்குச் சந்தோஷம் வருகிறது. கோபக்கார இளைஞன் கத்திச் சொன்னதில் ஒரு சிறு பகுதியை இந்த நாடகம் இரண்டு வருஷம் முந்தியே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தது. கத்திச் சொன்னதுதான் சரித்திரப் புத்தகத்தில் ஏறியது. சிரித்துச் சொன்னது ஜனங்களின் ஞாபகத்தில் தங்கியது. ராயல் கோர்ட்டில் கோபம் கொதித்துக்கொண்டிருந்த அதே இரவுகளில், ஸ்ட்ராண்டு வீதியில் இரண்டு பியானோக்களும் வாசித்துக்கொண்டுதான் இருந்தன. இரண்டையும் பார்த்து ரசித்த ஜனங்கள் லண்டனில் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கு இதில் முரண்பாடு எதுவும் தோன்றியிராது. ஒரே மனிதன் திங்கட்கிழமை கோபமாகவும் செவ்வாய்க்கிழமை சந்தோஷமாகவும் இருப்பதில்லையா?

அபிமானம் என்பது என்ன செய்யும் என்பதற்கு இரண்டு அத்தாட்சிகள் சொல்கிறேன்.

எட்டு வயதுப் பையன் ஒருவனை அவனுடைய அத்தை இந்த நாடகத்துக்கு அழைத்துப் போனாள். பாட்டு நாடகம் என்றால் பெண் பிள்ளைகள் சமாசாரம் என்று முரண்டு பிடித்துக்கொண்டு போன பையன், வெளியே வரும்போது சொக்கிப் போய் வந்தான். பிறந்தநாள் வந்தபோது, மறுபடியும் அதே நாடகத்துக்குத்தான் போக வேண்டும் என்று கேட்டான். அன்றைக்கு நாடகம் முடிந்ததும் நேரே முன்னால் நடந்து போய், பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஜூலியன் ஸ்லேடிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். அந்த நல்ல மனிதர் பையனை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போய், மாயப் பியானோ எப்படி வேலை செய்கிறது, பறக்கும் தட்டு எப்படிப் பறக்கிறது என்றெல்லாம் காட்டினார். தந்திரத்தின் ரகசியம் தெரிந்துவிட்டால் மயக்கம் தெளிந்துவிடும் என்பார்கள். இந்தப் பையனுக்கு அதிகமாயிற்று. பெரியவனானதும் இப்படிப்பட்ட நாடகங்களை நடத்துகிறவனாக வேண்டும் என்று அன்றே தீர்மானித்துவிட்டான். அந்தப் பையன்தான் காமரன் மெக்கிண்டாஷ். 1981-ல் 'கேட்ஸ்', 1985-ல் 'லே மிசராப்ல', 1986-ல் 'பேண்டம் ஆப் தி ஆப்பரா' என்று உலகத்தையே சுற்றி வந்த சங்கீத நாடகங்களைத் தயாரித்தவர். விக்தர் ஹியூகோவின் பெரும் துயரக் கதையை மேடையில் லட்சக்கணக்கான பேர் பார்த்து அழுததற்கு, ஒரு பையன் பறக்கும் தட்டைப் பார்த்துச் சிரித்தது வித்தாக இருந்திருக்கிறது.

மற்றோர் அத்தாட்சி செங்கலும் சுண்ணாம்பும். நாடகம் அமோகமாக ஓடியதில் பிரிஸ்டல் சபைக்கும் பங்கு கிடைத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு கிளிப்டன் என்ற பேட்டையில் இரண்டு பெரிய வீடுகளை வாங்கி, 1956-ல் நடிப்புப் பள்ளிக்கூடத்தை அங்கே மாற்றினார்கள். பழ மண்டி மாடிக்கு விடுதலை கிடைத்தது. பின்னாளில் அந்தப் பள்ளியில் படித்து வெளியே வந்தவர்களில் டேனியல் டே லூயிஸ் ஒருவர். ஒலிவியா கோல்மன் ஒருவர். சினிமா ரசிகர்களுக்கு இவர்களை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1995-ல் பள்ளிக்கூடத்தின் பின் தோட்டத்தில் ஆட்டமும் அசைவும் பயில்வதற்கென்று ஒரு கூடம் கட்டி, அதற்கு ஸ்லேட், ரெனால்ட்ஸ் இரண்டு பேரின் பெயரையும் வைத்தார்கள். டே லூயிஸ் லிங்கனாக நின்று பேசுவதைப் பார்த்து மெய்சிலிர்த்தவர்களிடம் ஒரு சேதி சொல்ல ஆசைப்படுகிறேன். அந்த மனிதர் நடிப்புப் பயின்ற வீட்டின் விலையில், பிஷப் ஆடியதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்த ஏதோ ஓர் அத்தையின் டிக்கட்டுப் பணமும் இருக்கிறது. கனமான கலைக்கு லேசான கலை வாடகை கட்டியிருக்கிறது.

இதனால் எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. 1958-ல் நியூயார்க் போன 'சாலட் டேஸ்' அங்கே வெகு நாள் தாங்கவில்லை. ரேஷன் வரிசையில் அவ்வளவு காலம் நிற்காத ஊர் அது; மின்னியின் சங்கீதம் அந்தக் கால்களுக்கு அவ்வளவாக எட்டவில்லை. ஸ்லேடும் ரெனால்ட்ஸும் அடுத்தடுத்துச் சேர்ந்து எழுதினார்கள். 1957-ல் வந்த 'ப்ரீ ஆஸ் ஏர்' சுமாராக நன்றாகவே ஓடியது. ஆனால் இரண்டாவது மின்னி பிறக்கவில்லை. 1960-ல் லண்டனில் வந்த 'ஆலிவர்!' சில வருஷங்களில் 'சாலட் டேஸ்' எண்ணிக்கையையும் தாண்டிச் சென்றது. 1972-ல் 'மான்ட்டி பைத்தன்' கோஷ்டியார் தொலைக்காட்சியில் ஒரு கேலிக்கூத்து நடத்தினார்கள். 'சாலட் டேஸ்' நாடகத்தை ரத்தப் பிரியரான ஒரு சினிமா டைரக்டர் படமாக்கினால் எப்படி இருக்கும் என்பது விஷயம். பூங்காவில் உட்கார்ந்திருக்கும் நாசூக்கான மனிதர்கள் ஒவ்வொருவராக ரத்தம் பீறிட விழுவார்கள். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கேலி பலிக்க வேண்டுமானால் மூலம் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். திரை விழுந்து பன்னிரண்டு வருஷம் ஆன பின்பும் அந்த நாடகம் வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதியாக இருந்தது என்பதற்கு அந்தக் கேலியும் ஒரு சான்றிதழ். 1976-லும் 1996-லும் லண்டனில் மறுபடியும் மேடை ஏறியது. இரண்டாம் முறை ஏறியது பழைய வாடவில் தியேட்டரிலேயே. டாரதி ரெனால்ட்ஸ் 1977-ல் காலமானார். ஜூலியன் ஸ்லேட் 2006-ல் தம்முடைய எழுபத்தாறாம் வயதில் காலமானார். அதற்குப் பிறகும், 2009-ல், ஓர் இளைய ஆப்பரா கோஷ்டியார் அதை எடுத்து நடத்தியிருக்கிறார்கள்.

முதன்முதலில் நடித்தவர்கள் பாடிய இசைத்தட்டு இருக்கிறது. அதைக் கேட்டிருக்கிறேன். குரல்கள் அபாரமானவை என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் சுருதி கொஞ்சம் தத்தளிக்கிறது. ஆனால் பாடுகிறவர்கள் நம்மை மேதாவித்தனத்தால் அசத்த முயலவில்லை. விருந்துக்கு வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்கும் வீட்டுக்காரர்களைப் போல் பாடுகிறார்கள். திரும்பத் திரும்பப் போனவர்களின் ரகசியம் இதில் கொஞ்சம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய பாடகன் முன்னால் நாம் ரசிகர்கள். இவர்கள் முன்னால் நாம் விருந்தாளிகள்.

மீதி ரகசியம் கதையின் முடிவில் இருக்கிறது. பியானோ அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு மாதம். முதலிலேயே பேசி ஒப்புக்கொண்ட கெடு. மந்திரியின் தடையிலிருந்து தப்பலாம்; காணாமல் போனதைப் பறக்கும் தட்டில் போய்த் தேடலாம்; காலண்டரிலிருந்து மட்டும் தப்ப முடியாது. மாதம் முடிந்ததும் டிமத்தியும் ஜேனும் அழுது புரளாமல், மின்னியை வேறு ஒரு ஜோடியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். திரும்பிப் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டவர்கள் அல்லவா? மேடையில் இருந்தவர்கள் வாக்கைக் காப்பாற்றினார்கள். கீழே உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்குத்தான் அந்த இளம் பருவத்தை யுத்தம் முழுசாக எடுத்துக்கொண்டுவிட்டது. திரும்பிப் பார்ப்பதற்கு அவர்களுக்கென்று ஒரு பூங்கா இருக்கவில்லை. ஆகவே இன்னொருவருடைய பூங்காவை, டிக்கட்டு வாங்கிக்கொண்டு, மறுபடி மறுபடி திரும்பிப் பார்த்தார்கள்.

இதற்காக அவர்களைப் பார்த்து இரக்கச் சிரிப்புச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே நாடகத்துக்கு மூன்றாம் தடவை கிளம்பும் மனிதரை இனி எங்கேயாவது சந்தித்தால், அந்த நாடகம் எவ்வளவு உயர்ந்தது என்று அவரோடு வாதாட வேண்டாம். அவர் யாரை அழைத்துக்கொண்டு போகிறார் என்று மட்டும் பாருங்கள். அநேகமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயதில் ஒரு பிள்ளை நடந்து போய்க்கொண்டிருக்கும்.